பேப்பர் மில் பெருத்தால் பங்கு ஏறுமா?

கேள்வி: ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 4 லட்சம் கையில் இருக்கிறது. பெரிய காகித கம்பெனிகள் மற்ற மில்களை வாங்கிக்கொண்டே போகின்றன, போட்டி குறைந்தால் லாபம் ஏறும், இப்போதே பங்கு வாங்குங்கள் என்கிறார் தெரிந்த ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்கிக்கொண்டே போவது உண்மைதான். சிர்பூர் மில் 2018-ல் ஜே.கே. பேப்பரிடம் போனது. ஆந்திரா பேப்பரை 2019-ல் வெஸ்ட் கோஸ்ட் பேப்பர் மில் எடுத்துக்கொண்டது. செஞ்சுரியின் காகித ஆலைக்கு 3,498 கோடி ரூபாய் விலை பேசி, 2025 மார்ச்சில் ஐ.டி.சி. ஒப்பந்தம் போட்டது. ஆனால் இதை வைத்து லாபம் ஏறும் என்று முடிவு கட்ட முடியாது.

காகிதம் கப்பலில் வருகிற சரக்கு. ஆசியான் எனப்படும் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலிருந்து சுங்கவரி இல்லாமலே வருகிறது. துறைமுகத்தில் அது என்ன விலைக்கு இறங்குகிறதோ, அதற்கு மேல் நம் மில் அதிகம் கேட்க முடியாது. இங்கே நாலு மில் இருந்தாலும் சரி, நாற்பது இருந்தாலும் சரி. 2022-23-ல் கொழுத்த லாபம் பார்த்த அதே கம்பெனிகள்தான், மரத்தின் விலை ஏறி இறக்குமதியும் குவிந்ததும் அடுத்த வருடங்களில் சறுக்கின.

ஒரு விலக்கு வந்தது. மாத்திரை டப்பா, சோப்பு டப்பா செய்கிற பல அடுக்கு அட்டை. இதற்கு 2025 ஆகஸ்டில் அரசு குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது, டன்னுக்கு 67,220 ரூபாய். அதற்குக் கீழே வெளிநாட்டு அட்டை உள்ளே வரக் கூடாது என்றது உத்தரவு. அட்டை மில்லுக்கு நல்ல செய்திதான். ஆனால் உத்தரவு போட்டபோதே 2026 மார்ச் வரை என்று கெடு வைத்தார்கள். அட்டை மட்டும்தான், நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கிற காகிதம் இதில் சேரவில்லை. மில்காரர்கள் வருடக்கணக்கில் கத்திய பிறகு கிடைத்தது இந்த ஏழெட்டு மாதம். இதை நம்பியா பத்து வருடத்துக்குப் பணம் போடுவது?

மில்கள் கூட்டு சேர்ந்து விலை ஏற்றலாமே என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சேர்ந்ததற்காக 10 மில்களுக்குப் போட்டி ஆணையம் 2021-ல் அபராதம் போட்டது, தலைக்கு 5 லட்சம். நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபச் செலவு! அபராதம் சின்னதுதான். ஆனால் கூட்டு சேர்ந்தாலும் இறக்குமதி விலையைத் தாண்டி அதிகம் கேட்க முடியாது.

பெரிதாக இருப்பதும் பாதுகாப்பு இல்லை. பல்லார்பூர் கம்பெனி, பில்ட் என்பார்கள், ஒரு காலத்தில் நாட்டிலேயே பெரிய காகித உற்பத்தியாளர். மலேசியாவில்கூட மில் வாங்கியது. கடன் கழுத்தை நெரித்து 2020-ல் திவால் வழக்குக்குப் போனது. திவாலானால் வரிசையில் கடைசியில் நிற்பவர் பங்குதாரர். அதனால் ஒரு கம்பெனி சந்தையில் எத்தனை சதவீதம் பிடித்திருக்கிறது என்பதை விடுங்கள். ஆண்டறிக்கையில் கடன் எவ்வளவு, மோசமான வருடத்தில் வட்டி கட்ட லாபம் போதுமானதாக இருந்ததா என்று பாருங்கள்.

அப்புறம், அந்தத் 'தெரிந்த ஒருவர்'. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி அமைப்பில் ஆலோசகராகப் பதிந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள். செபி இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். தான் வாங்கி வைத்ததை உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவுகிறவர்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஏராளம். எண் கேட்டதும் பேச்சை மாற்றினால், 4 லட்சத்தை வங்கி வைப்பிலேயே விட்டுவையுங்கள்.