அந்தக் கிறீம் டப்பாவை முதலில் எடுத்து வையுங்கள்

அம்மா, உங்கள் கடிதம் முழுக்கப் பிளாஸ்ரிக் போத்தல், லன்ச் சீற், நொன்-ஸ்ரிக் தாச்சி, அஸ்பெஸ்ரஸ் கூரை, சுண்ணாகத்துக் கிணறு என்றே போகிறது. இடையில் ஓரிடத்தில், மகளுக்கு ஆவணியில் கலியாணம், வெளிநாட்டு மச்சாள் அனுப்பிய கிறீமை நாலு மாதமாகப் பூசுகிறாள், "நல்ல நிறம் வந்திட்டுது" என்று எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

மூன்று கிழமையாகக் காலையில் கண்மடல் வீங்குகிறது, பின்னேரம் செருப்பு வார் காலில் பள்ளமாகப் பதிகிறது, சலம் (சிறுநீர்) நுரைக்கிறது. இதை வைத்துக்கொண்டு, வவுனியாவில் டயலிசிஸ் செய்து காலமான உங்கள் மைத்துனருக்கு வந்தது மகளுக்கும் வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். கடிதத்தில் உள்ள மற்றதெல்லாம் அந்தப் பயத்துக்குக் காரணம் தேடியவை. ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

மைத்துனருக்கு வந்த சிறுநீரக நோய் அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா விவசாயக் கிராமங்களில் கூடுதலாகக் காணப்படுவது. அது சத்தமில்லாமல் வரும். பல வருடம் வீக்கம் இருக்காது, சலத்தில் புரதமும் பெரிதாகப் போகாது, தெரியவரும்போது சிறுநீரகம் சுருங்கியிருக்கும். உங்கள் மகளுக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. மூன்று கிழமைக்குள் முகமும் காலும் வீங்கி, சலமும் நுரைக்கிறது என்றால், இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சலத்தோடு வெளியே போகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சிறுநீரகத்தில் இருக்கும் நுண்ணிய வடிகட்டி, அரிதட்டில் ஓட்டை விழுந்ததுபோல, பிடித்து வைக்க வேண்டியதை விட்டுவிடுகிறது. கிணறுதான் காரணமென்றால் அதே தண்ணீரைக் குடிக்கிற நீங்கள் ஐந்து பேரில் இவள் ஒருத்திக்கு மட்டும் ஏன் வீங்க வேண்டும்?

"கிட்னி ரெஸ்ற் எடுத்தோம், கிரியாட்டினின் சரியாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் கூடுவது வடிகட்டும் வேகம் குறைந்த பிறகு. புரதம் ஒழுகத் தொடங்கும்போது அந்த எண் பல பேருக்கு அச்சொட்டாக நன்றாகவே இருக்கும். பார்க்க வேண்டியது சலத்தை. சலப் பரிசோதனைக்குப் பெரிய செலவும் இல்லை, அரச வைத்தியசாலையில் இலவசம். சலத்தைப் பார்க்காத பரிசோதனைப் பொதிக்குக் "கிட்னி செக்கப்" என்று பெயர் வைத்து விற்பவர்களோடு எனக்கு நெடுநாள் கோபம். அது இப்போதைக்கு இருக்கட்டும்.

நுரை என்றால் எல்லா நுரையும் இல்லை. வேகமாகப் போனால் யாருடைய சலமும் கொஞ்சம் நுரைக்கும், சிறிது நேரத்தில் அடங்கும். அடங்காமல் மேலே படையாக நின்று, தண்ணீர் ஊற்றியும் போகாமல், ஒவ்வொரு முறையும் அப்படியே வந்தால் அதுதான் கணக்கு. கூடவே காலைக் கண்மடல் வீக்கமும் இருந்தால் நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாது.

கிறீமுக்கு வருகிறேன். இப்படி நிறம் வெளுக்க வைக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். தோலின் நிறப்பொருள் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால்தான் சில கிழமையில் "ரிசல்ட்" தெரிகிறது. அதே பாதரசம் தோல் வழியாக இரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் சேரும். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1972இலேயே நைரோபியில் இந்த வகைச் சிறுநீரக நோயோடு வந்த 60 பேரை விசாரித்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் நிறம் வெளுக்கும் கிறீம் பூசியவர்களாக இருந்தார்கள். நமக்குப் பக்கத்தில், கேரளாவின் கோட்டக்கல்லில், 2021 யூலைக்கும் 2023 செப்ரெம்பருக்கும் இடையில் சிறுநீரக வடிகட்டியின் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் நோயாளிகள் 22 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஒரு குறிப்பிட்ட வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் கிறீம் பூசியதாக ஒப்புக்கொண்டார்கள். "ஒப்புக்கொண்டார்கள்" என்று எழுதக் காரணம் இருக்கிறது. என் அறையிலும் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. மருந்து என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டால் கிறீமைச் சொல்ல மாட்டார்கள், அது மருந்து இல்லையாம்.

உங்கள் மகளுக்கு இதுதான் என்று கடிதத்தைப் படித்து நான் முடிவு கட்டவில்லை. இளம் பெண்களுக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் என்ற நோயும் இப்படித் தொடங்கும், வேறு காரணங்களும் உண்டு. அதையெல்லாம் பார்த்துப் பிரிப்பது சிறுநீரகப் பிரிவின் வேலை. உங்கள் வேலை வேறு: இன்றிரவிலிருந்து கிறீம் வேண்டாம். நாளைக் காலைச் சலத்தோடு பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள். புரதம் இருந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இரத்த அழுத்தம், இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம், கொலஸ்ரரோல் எல்லாம் அங்கே பார்ப்பார்கள். பாதரச அளவு பார்ப்பது எல்லா ஆய்வுகூடத்திலும் முடியாது. அந்த முடிவு வரட்டும் என்று மற்றதைத் தள்ளி வைக்க வேண்டாம். டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஒரு கால் மட்டும் சட்டென்று வீங்கி கெண்டைக்கால் நொந்தால், அல்லது மூச்சு முட்டி நெஞ்சு குத்தினால், கிளினிக் நாள் பார்க்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். புரதம் இழக்கும் உடம்பில் இரத்தம் உறையும் ஆபத்து கூடும்.

இப்போது திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். பார்லித் தண்ணி, நெருஞ்சில் அவிச்ச தண்ணி, யூரியூப்பில் பார்த்த "நச்சு நீக்கும்" தூள், கடைசியாக அண்ணன் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுத்த சலம் போகிற குளிசை. நாலும் வீக்கத்தின் மேலே நடந்த வைத்தியம். ஒழுகும் புரதத்தை அதில் ஒன்றும் நிறுத்தாது. அந்தக் குளிசை நல்ல மருந்துதான், நானே எழுதுவேன், ஆனால் இரத்தமும் சலமும் பார்த்த பிறகு. பார்க்காமல் கொடுத்தால் நீர் வற்றி, பொற்றாசியம் இறங்கி, இரத்தம் இன்னும் உறையப் பார்க்கும். வீக்கமும் இரண்டு நாள் வற்றும், எல்லாரும் "சரி, சுகம்" என்று இருந்துவிடுவீர்கள். அதுதான் பெரிய கெடுதல்.

கலியாண நாளுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசையும் யாராவது வாங்கி வைத்திருப்பீர்கள். இங்கே அது வழக்கம் என்று தெரியும். இந்த நிலையில் அந்த ஓமோன் குளிசையும் இரத்தம் உறைவதைக் கூட்டலாம். வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, சேர்மானம் ஒன்றும் இல்லாவிட்டால் அதுவே போதும். சேர்மானம் இருந்தால் "மேர்க்குரி", "மேர்க்குரிக்", "மேர்க்குரஸ்", "கலோமெல்" என்று தொடங்கும் சொற்களைத் தேடுங்கள். சில டப்பாக்களில் இன்னொரு வரி இருக்கும்: தங்கம், வெள்ளி, அலுமினியம், இறப்பர் இவற்றில் படக் கூடாது, பூசுமுன் நகையைக் கழற்றுங்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்து அதை வெளுக்கச் செய்யும், அதனால் இந்த எச்சரிக்கை. சங்கிலி கழுத்தில் ஒரு மணி நேரம் கிடந்தால் கெட்டுப்போகும் என்று தெரிந்தே, இந்தக் கிறீமைக் கழுத்துத் தோலில் நாலு மாதம் பூசச் சொல்லி விற்கிறார்கள். அந்த வரி இல்லாததால் கிறீம் நல்லது என்றும் எடுக்க வேண்டாம். பல டப்பாக்களில் எதுவுமே எழுதியிருக்காது.

டப்பாவை இறுக மூடி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். வளவில் குப்பையோடு கொளுத்தினால் பாதரசம் ஆவியாகி நீங்கள் சுவாசிக்கிற காற்றுக்கே வரும். பரிசோதனை எல்லாம் முடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு ஒப்படையுங்கள். வெறும் டப்பாவைக் கழுவிப் பொட்டுக்கும் ஊசி நூலுக்கும் வைப்பது நம்முடைய நல்ல பழக்கம், இந்த டப்பாவில் மட்டும் வேண்டாம். தலையணை உறை, துவாய் எல்லாவற்றையும் வேறாகத் தோயுங்கள். கிறீம் பூசாத வீட்டுக்காரரின் சலத்திலும் பாதரசம் காணப்பட்ட சம்பவங்கள் கலிபோர்னியாவில் பதிவாகியிருக்கின்றன. மாமியாகிய உங்கள் மகளின் மடியிலேயே கிடக்கிற உங்கள் இரண்டு வயதுப் பேரன் அண்மையில் காரணமில்லாமல் சினந்து, வியர்த்து, உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தால் அவனையும் காட்டுங்கள். நீங்களும் "கழுத்துக் கறுப்புக்குக் கொஞ்சம்" பூசியிருக்கிறீர்கள், அப்படியென்றால் உங்கள் சலத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. தண்ணீர்ப் போத்தலில் கொதிதண்ணி ஊற்றாதீர்கள், கீறி மங்கினால் மாற்றுங்கள், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். சுடுசோறு கட்ட வாழையிலை வளவிலேயே இருக்கிறது. 2017இல் தடைசெய்த பொலித்தீன் லன்ச் சீற்றை இன்னும் காசு கொடுத்து வாங்குவானேன்? தாச்சியில் உரிந்த துண்டு வயிற்றுக்குள் போனால் போன மாதிரியே வெளியே வரும். வெறும் தாச்சியை அடுப்பில் வைத்துப் புகைய விடுவதுதான் கூடாது. கூரைச் சீற்றைத் துளைக்காமல், அறுக்காமல், உரசிக் கழுவாமல் விட்டால் அது பாட்டுக்கு இருக்கும். சுண்ணாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை உண்மையானது, 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொன்ன விடயம். ஆனால் மகளின் கண்மடலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். கிணற்றைப் பரிசோதிப்பதென்றால் நைத்திரேற்றையும் சேர்த்துப் பாருங்கள். பசளை போட்ட தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற கிணறுகளுக்கு அந்தக் கவலைதான் கூட.

"எதைத்தான் நம்பி வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முகத்துக்குப் பூசும் ஒன்றை வாங்க ஒரு தாய் இரசாயனம் படிக்க வேண்டும் என்பது என்ன ஒழுங்கு? பொருளைச் செய்யும் இடத்திலேயே நஞ்சு போகாமல் பார்ப்பதுதான் முறை. அது முடியாத காரியமும் இல்லை. எங்கள் தொழிலையே பாருங்கள்: பாதரச உடல்வெப்பமானியும், பாதரசத் தூண் ஏறியிறங்கும் பிரஷர் கருவியும் இல்லாமல் வைத்தியம் நடக்காது என்றிருந்த காலம் உண்டு. இரண்டையும் பெரும்பாலும் மாற்றியாகிவிட்டது, யாருடைய காய்ச்சலும் அளக்கப்படாமல் போகவில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது. அதன்படி 2020க்குப் பிறகு அழகுசாதனத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்று வைத்தார்கள். 2023இல் அந்த ஒரு பங்குச் சலுகையையும் எடுத்துவிட்டு, 2025உடன் சேர்ப்பதையே நிறுத்த முடிவானது. ஆனால் உலகில் பல இடங்களில் பிடிபடும் டப்பாக்களில் ஆயிரக்கணக்கான பங்கு இருக்கிறது. அவை பயணப் பெட்டியிலும் பார்சலிலும் வருகின்றன, சட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

பொருள் கடையில் இருக்கும்போது மட்டும் நல்லதாக இருந்தால் போதாது, கழுவிய பிறகு எங்கே போகிறது என்பதையும் செய்பவன் யோசித்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கூட. நமக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. கிணற்றடியில் முகம் கழுவிய தண்ணி அதே சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிறது, அங்கிருந்துதான் குடிக்கவும் இறைக்கிறோம். ஒரு பெண்ணின் கிறீமால் கிணறு நஞ்சாகாது. ஆனால் பாதரசம் உக்கி அழிகிற பொருளும் இல்லை.

கிறீமை விட்டால் மகளின் பழைய நிறம் திரும்பும், சிலருக்கு முதலில் கொஞ்சம் கறுக்கவும் செய்யும். அப்போது கண்ணாடி பார்த்துவிட்டு மறுபடி டப்பாவைத் திறப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே இப்போதே சொல்லி வையுங்கள். பாதரசம்தான் காரணமென்றால் பெரும்பாலானவர்களுக்கு நிறுத்திய சில மாதங்களில் புரதம் குறைந்து சிறுநீரகம் தேறும், சிலருக்குக் குளிசையும் தேவைப்படும். மைத்துனரின் கதை இங்கே நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. கலியாணத்தைத் தள்ளுவதா என்று இப்போது யோசிக்க வேண்டாம். ஆனால் பிள்ளை பெறுவது பற்றி, வைத்தியர் சரி என்று சொல்லும்வரை அவசரப்படக் கூடாது. பாதரசம் கருவுக்கும் போகும். இதை மாப்பிள்ளைக்கும் சொல்லத்தான் வேண்டும்.

மச்சாள் இதே கிறீமை ஊரில் இன்னும் நாலு பேருக்கு அனுப்பினதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே அவர்களுக்குப் போன் எடுங்கள். மச்சாளுக்கும்.