ஆரஞ்சுத் தோல் எண்ணெய்: கேட்டவர்களுக்குப் பதில்

பன்னிரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறேன். என் அலமாரியில் தீரவே விடாமல் வாங்கி வைக்கும் சரக்கு ஆரஞ்சு எண்ணெய். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, இது ஆரஞ்சு விதையை ஆட்டி எடுப்பதா?

இல்லை அம்மா, தோலிலிருந்து எடுப்பது. சின்ன வயதில் தோலை மடக்கித் தம்பியின் கண்ணில் பீய்ச்சியிருப்பீர்களே, எரிச்சல் தந்த அந்தத் தூறல்தான் இந்த எண்ணெய். தோலின் மேல் ஊசி குத்தியதுபோல் தெரியும் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. ஆலைகளில் சூடுபடுத்தாமல், தோலைக் கீறிப் பிழிந்து எடுக்கிறார்கள். பழச்சாறு ஆலைகளில் தோல் எப்படியும் மிஞ்சும். உலகிலேயே அதிகமாக ஆரஞ்சுச் சாறு எடுக்கும் பிரேசிலிலிருந்து இந்த எண்ணெயும் ஏராளமாக வருகிறது. மற்ற வாசனை எண்ணெய்களைவிட இது மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். இதில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள். இனிச் சொல்லப்போகும் நன்மைகளும் தொல்லைகளும் பெரும்பாலும் அதனால் வருபவை.

முகத்தில் தடவினால் வைட்டமின் சி கிடைக்குமா?

கிடைக்காது. வைட்டமின் சி நீரில் கரைவது, எண்ணெயோடு வராது. அதற்காக இதை வாங்க வேண்டாம். மணத்துக்காக உடம்பில் பூச விரும்பினால் 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 6 துளி போதும். முதலில் முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். தனி எண்ணெயை நேராகத் தோலில் வைக்கவே கூடாது. திறந்து நெடுநாளான புட்டி இன்னும் மோசம். காற்றுப் பட்ட லிமோனீன் மாறி, தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாகிவிடும். கருநிறப் புட்டியில், குளிர்ந்த இடத்தில், இறுக மூடி வையுங்கள்.

எலுமிச்சை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனேன். கழுத்தில் திட்டாகக் கறுத்துவிட்டது. ஏன்?

எலுமிச்சை, அதன் இனத்தைச் சேர்ந்த பெர்கமாட் என்ற பழம் போன்றவற்றின் பிழிந்தெடுத்த எண்ணெயில் ஃபியூரோகூமரின் என்ற பொருள்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம்போல் சிவந்து, பிறகு கறுக்கும். ஆவியில் வடித்த எலுமிச்சை எண்ணெயிலும், இனிப்பு ஆரஞ்சு எண்ணெயிலும் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. இப்போதைக்கு அந்த இடத்தில் எதையும் பூசாமல், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டு வேலைக்கு உண்மையிலேயே பயன்படுமா?

என்னைக் கேட்டால், இதன் முதல் பயனே அதுதான். புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய விலைச் சீட்டைக் கிழித்தபின் பிசுபிசுவென்று ஒரு பசை நிற்கும். சாம்பல் போட்டாலும் போகாது, நகத்தால் சுரண்டினால் கறுப்பாகத் திரளும். பஞ்சில் நான்கு துளி எடுத்து அதன் மேல் ஒற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். பசை இளகி நூல் நூலாகச் சுருண்டு வரும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆனால் தெர்மகோல் அருகே கொண்டுபோகாதீர்கள், துளி பட்ட இடம் குழிந்து உருகிவிடும். பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி வைக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். எரியும் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும். தரை துடைக்கிற வாளியில் நேராக விட்டால் மேலே மிதக்கும். திரவ சோப்பில் குழைத்துப் பிறகு தண்ணீரில் கலக்குங்கள்.

மனப் பதற்றம் தீரும் என்கிறார்களே?

நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆஸ்திரிய ஆய்வில், பல் மருத்துவரிடம் காத்திருந்த பெண்களுக்கு ஆரஞ்சு மணம் பதற்றத்தைக் குறைத்ததாகப் பதிவாகியிருக்கிறது. சிறிய ஆய்வுதான். மணம் மனத்தை லேசாக்குகிறது என்பதை நானும் தினமும் உணர்கிறேன். ஆனால் மருத்துவர் தந்த மாத்திரையை இதற்காக நிறுத்தாதீர்கள்.

சோப்பில் போட்டால் ஒரே மாதத்தில் மணம் போய்விடுகிறது, அக்கா.

எனக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் போனது. லிமோனீன் வேகமாகப் பறந்துவிடும். லிமோனீனில் ஒரு பங்கை நீக்கிச் செறிவாக்கிய ஆரஞ்சு எண்ணெய் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கூடவே வெட்டிவேர் எண்ணெய் கொஞ்சம் சேருங்கள். அதன் கனத்த மண் வாசனை ஆரஞ்சைச் சற்று நேரம் பிடித்து வைக்கும். என் சோப்புகள் இப்போது மூன்று மாதம் தாங்குகின்றன.

கடையில் வாங்கியது அசலா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு துளியைத் தண்ணீரில் விடுங்கள். முழுதும் கரைந்தால் அது எசன்ஸ். வெள்ளைத் தாளில் ஒரு துளி வைத்து மறுநாள் பாருங்கள். லேசான மஞ்சள் சாயல் இருக்கலாம். வடை வைத்த காகிதம்போல் எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது.

வீட்டில் பூனையும் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கின்றன. வைத்துக்கொள்ளலாமா?

பூனையின் ஈரலால் இதை எளிதில் முறித்து வெளியேற்ற முடியாது. அதன் மேல் பூசவோ, அது படுக்கும் அறையில் மணமூட்டவோ வேண்டாம். குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பழ வாசனை என்பதால் வாயில் ஊற்றிக்கொள்ளும். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.