கிளினிக்கில் உதவிக்குச் சேரும் பெண்ணுக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊரில் சொந்தமாக கிளினிக் தொடங்கியிருக்கிறேன். பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்களை உதவிக்கு எடுத்திருக்கிறேன். நர்சிங் படித்தவர்கள் இல்லை. ஓபி (வெளிநோயாளிகளைப் பார்க்கும்) வேலைக்கு இவர்களுக்கு என்னென்ன பயிற்சி கொடுக்க வேண்டும்? எதில் தொடங்குவது?

பதில்:

பிபி பார்ப்பதில் தொடங்குங்கள் டாக்டர். ஊசியில் தொடங்காதீர்கள்.

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் பக்கத்துச் சின்ன கிளினிக்குகளில் உதவிக்குச் சேரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். போகிற இடத்தில் எல்லாம் டாக்டர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சிஸ்டர், இந்தப் பொண்ணைச் சீக்கிரம் ஊசி போடப் பழக்கிவிடுங்க." மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். ஊசி போடுவது நர்சிங் படித்துப் பதிவு செய்தவர் வேலை, இல்லையென்றால் டாக்டர் வேலை. கோட்டு போட்டு நிற்கிற யாரைப் பார்த்தாலும் நம் ஜனங்கள் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுகிறவர் படித்தவரா என்று எந்தப் பாட்டியும் கேட்கப் போவதில்லை. அவர்கள் கேட்காததாலேயே நாம்தான் அதில் கறாராக இருக்க வேண்டும்.

ஊசி இல்லாமலே அந்தப் பெண்கள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கூட்டமான ஓபியில் ஒரு நோயாளிக்கு உங்களால் சில நிமிடங்கள்தான் ஒதுக்க முடியும். அந்த நேரத்தில் நீங்கள் நம்பி எழுதுவது சீட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்களை வைத்துத்தான்: பிபி, சுகர், எடை, காய்ச்சல். பிபி 136 இருந்தால் உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்புவீர்கள். அதுவே 146 என்று இருந்து, அடுத்த முறையும் அப்படியே வந்தால் மாத்திரை தொடங்குவீர்கள். தொடங்கினால் பெரும்பாலும் ஆயுசுக்கும்தான். அந்தப் பத்து எண் வித்தியாசத்தை ஒரு முக்காலியும் தொங்குகிற கையும் உண்டாக்கிவிடும். எண்ணைச் சரியாக எடுத்து, எடுத்ததை அப்படியே எழுதுகிற பழக்கம்தான் ஓபி உதவியாளருக்கு முதல் பாடம்.

பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் நாற்காலியை மாற்றுங்கள். பல கிளினிக்குகளில் பிபி பார்க்கிற இடத்தில் முதுகு சாயாத உருண்டை ஸ்டூல்தான் இருக்கும், அல்லது கால் தொங்கத் தொங்க கட்டிலில் உட்கார வைப்பார்கள். முதுகு சாய வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கால் மேல் கால் கூடாது, கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். கை கீழே தொங்கினால் அளவு கூடத்தான் காட்டும். பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி, சிகரெட் இருக்கக் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. அப்புறம் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும்.

"இவ்வளவு கூட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு எங்கே போவது?" என்பீர்கள். அந்த நாற்காலியை உங்கள் அறைக் கதவுக்குப் பக்கத்தில் போடுங்கள். உள்ளே ஒருவரை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த டோக்கன்காரர் அதில் உட்காரட்டும். அவர் எப்படியும் காத்திருக்கப் போகிறவர்தான். நின்றுகொண்டோ, செல்லில் சண்டை போட்டுக்கொண்டோ காத்திருக்காமல் அந்த நாற்காலியில் சாய்ந்து காத்திருப்பார், அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகச் செலவாகாது.

கஃப், அதாவது கையில் சுற்றிக் காற்றடிக்கிற பட்டை, அந்த விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். நடுத்தர அளவு ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கட்டுகிறார்கள். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பிபி இருப்பதாகக் காட்டும். உள்ளே இருக்கும் ரப்பர் பை, கையின் சுற்றளவில் முக்கால் பாகத்துக்கு மேல் சுற்றி வர வேண்டும். பெரிய கஃப் ஒன்று கூடவே வாங்கி வையுங்கள். சட்டைத் துணிக்கு மேலேயே கட்டுவது தவறு. முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே ஏற்றி, அது கையை இறுக்கிக்கொண்டிருக்கும்போது கீழே கட்டுவது அதைவிட மோசம். ஒரு மூலையில் திரை போட்டுவிட்டால், நீளக் கை வைத்த ரவிக்கை போட்ட அம்மாவும் கூச்சமில்லாமல் கையை வெளியே எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று, பேச்சு. காற்றை அடித்துக்கொண்டே "மகள் எப்படி இருக்கா, பேரன் பள்ளிக்கூடம் போறானா?" என்று கேட்பது நம் ஊர் மரியாதை. ஆனால் பேசப் பேச அளவு ஏறும். "முதல்ல பேசி முடி, அப்புறம் கஃப்பைக் கட்டு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

டிஜிட்டல் மெஷின் வைத்திருந்தாலும் கையால் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடிக்க வேண்டும். நாடி மறைகிற இடத்துக்கு மேல் இன்னும் 30 ஏற்றி, விநாடிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் இறக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கிற முதல் 'டொக்' மேல் எண். சத்தம் முழுதாக நிற்கிற இடம் கீழ் எண். இந்தச் சத்தத்தை வைத்து அளக்கலாம் என்று 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன். அந்தப் பெண்களுக்கு அது பிடிக்கும், ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டும்போது முகமே மாறிவிடும். நாடியைத் தொடாமல் நேராகச் சத்தத்தைத் தேடினால் ஒரு ஆபத்து உண்டு. சிலருக்கு நடுவில் சத்தம் காணாமல் போய்த் திரும்ப வரும். அந்த இடைவெளியில் தொடங்கினால் 180 இருப்பவருக்கு 150 என்று எழுதிவிடுவாள். நாடியைத் தொடுகிறவளுக்கு அது சீராக அடிக்கிறதா, தாறுமாறாக அடிக்கிறதா என்பதும் தெரியும். மெஷின் மட்டும் பார்க்கிறவள் அதைத் தவறவிடுவாள்.

கற்றுக்கொடுக்க இரட்டைக் காது ஸ்டெதஸ்கோப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வட்டு, இரண்டு ஜோடி காது. நீங்களும் அவளும் ஒரே சத்தத்தைக் கேட்பீர்கள். கேட்டு முடித்ததும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். அப்புறம் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 4 மில்லிமீட்டருக்குள் தொடர்ந்து ஒத்துப்போகிற வரைக்கும் அவள் தனியாகப் பார்க்க வேண்டாம்.

ஒரு மாதம் போன பிறகு பிபி நோட்டைப் புரட்டுங்கள். கையால் பார்க்கிற கருவியில் கோடுகள் 2 மில்லிமீட்டருக்கு ஒன்று. அதனால் கடைசி எண் 0, 2, 4, 6, 8 என்று ஏறக்குறைய சமமாக வர வேண்டும். நான் பார்க்கிற நோட்டுகளில் பக்கம் பக்கமாக 120/80, 130/80, 140/90 என்றே இருக்கும். ஒரு பக்கம் முழுக்க பூஜ்யமாக முடிந்தால், அந்தப் பெண் அளக்கவில்லை, அல்லது அவசரத்தில் முழு எண்ணாக்கிவிடுகிறாள்.

ஏன் அப்படி எழுதுகிறாள் என்று விசாரித்தால் சோம்பேறித்தனம் அபூர்வம். பயம்தான். ஒரு கிளினிக்கில் ஒரு பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "சரியா கேக்கலைன்னு சொன்னா சார் பேஷண்ட் முன்னாடியே திட்டுறார்க்கா. அதான் 130-ன்னு போட்டுடுறேன்." இதற்கு அவளுக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. "கேட்கவில்லை, மறுபடி பார்க்கிறேன்" என்று அவள் சொன்னால் "சரிம்மா, பாரு" என்பதுதான் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். உங்கள் பயிற்சித் திட்டத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

பிளஸ் டூ படித்த பெண்ணுக்கு இதெல்லாம் வருமா என்று சந்தேகமே வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு வீடாகப் போய் பிபியும் சுகரும் பார்ப்பவர்கள் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள்தான். அவர்களும் டாக்டரோ நர்ஸோ இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள்.

சுகர் பார்ப்பது சுலபம், ஆனால் கையைக் கழுவ வைக்க மறந்துவிடுவார்கள். வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு வந்தவர் விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே அளவை ஏற்றிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். ஸ்பிரிட் தடவினால் காய விட வேண்டும். பிழிந்து பிழிந்து ரத்தம் எடுக்கக் கூடாது. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூட வேண்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் எண்ணோடு எழுத வேண்டும், அது இல்லாத சுகர் எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பேனா மாதிரியான குத்தும் கருவியை கிளினிக்கில் பலருக்குப் பயன்படுத்தவே கூடாது. ஊசி முனையை மாற்றினாலும் ரத்தம் பேனாவில் ஒட்டியிருக்கும், அது வழியாக மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) பரவும். ஒருமுறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்கிற லான்செட் வாங்குங்கள்.

குழந்தை வந்தால் எடை. ஒவ்வொரு முறையும், செருப்பும் ஸ்வெட்டரும் கழற்றி. பாராசிட்டமால் அளவே கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் போடுகிறோம். கடையில் அதே சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் 250 என்றும் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. "ஒரு மூடி கொடுங்க" என்று உதவியாளர் வாய்வழியாகச் சொல்லி அனுப்பினால், பாட்டில் மாறும்போது மருந்து இரட்டிப்பாகிவிடும். பாட்டிலைக் கையில் வாங்கி, அளவு மூடியில் கோட்டைக் காட்டி, "எத்தனை மில்லி கொடுப்பீங்க, சொல்லுங்கம்மா" என்று தாயையே திருப்பிச் சொல்ல வைக்கப் பழக்குங்கள்.

இருமலோடு வரும் குழந்தைக்கு மூச்சை எண்ணத் தெரிய வேண்டும். தெர்மாமீட்டர் வைத்து அழ விடுவதற்கு முன்பே, தாய் மடியில் அமைதியாக இருக்கும்போது, சட்டையை உயர்த்தி வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தைக்கு ஒத்துவராது. இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ டோக்கன் பார்க்காமல் உள்ளே அனுப்ப வேண்டும்.

டோக்கனை உடைக்கிற அதிகாரத்தை அவளுக்கு நீங்கள் வாயால் கொடுத்திருக்க வேண்டும். நெஞ்சுவலியோடு வியர்வை, ஒரு பக்கம் வாய் கோணுவது, கை திடீரென்று தளர்வது, மூச்சு வாங்கிப் பேச முடியாமல் திணறுவது, சோர்ந்து கண் திறக்காத குழந்தை, தலைவலி என்று வந்த கர்ப்பிணிக்கு 140/90 அல்லது அதற்கு மேல் பிபி, பாம்புக்கடி. இவற்றில் ஒன்றைப் பார்த்தால் கதவைத் தட்டி உள்ளே வரலாம், நீங்கள் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும். சர்க்கரை நோயாளி வியர்த்து, நடுங்கி, சுகர் 70க்குக் கீழே இருந்தால், நினைவோடு விழுங்க முடிகிறவராக இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வரிசையில் இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள். அப்போது நீங்கள் வெளியே வந்து அவள் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். ஓபி தொடங்குவதற்கு முன் தினம் அரை மணி நேரம், ஒரு நாளுக்கு ஒரே ஒரு வேலை. முதலில் பேசாமல் செய்து காட்டுங்கள். இரண்டாவது முறை மெதுவாக, ஏன் என்று சொல்லிக்கொண்டே. மூன்றாவது முறை அவள் ஒவ்வொரு படியாகச் சொல்ல, நீங்கள் செய்யுங்கள். இந்த மூன்றாவதில்தான் அவளுக்கு எங்கே புரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியவரும். கடைசியாக அவளே செய்யட்டும். இரண்டு பெண்கள் இருப்பது நல்லது, ஒருத்திக்கு ஒருத்தி நோயாளியாக உட்காருவார்கள். இறுக்கமாக ஏற்றிய கஃப் எப்படி வலிக்கும் என்பதும் அப்போது தெரியும்.

ஊசி போடாவிட்டாலும் ஊசியை எடுத்துப் போடுவது அவள்தான், அதனால் குத்துவதும் அவளைத்தான். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது. 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், ஊசி நீக்கிய சிரிஞ்சும் டிரிப் டியூபும் சிவப்பில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். குத்திவிட்டால் பிழியக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்த நிமிடமே உங்களிடம் சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. திட்டு விழும் என்று மறைத்தால் அந்த நேரம் போய்விடும்.

எச்ஐவியைவிட ஹெபடைடிஸ் பி பல மடங்கு எளிதாக ஊசிக் காயம் வழியாகத் தொற்றும், அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என்று மூன்று ஊசி. இரண்டு பெண்களுக்கும் முதல் ஊசியை இந்த வாரமே போட்டுவிடுங்கள், செலவு உங்களுடையதாக இருக்கட்டும். மூன்றாவது ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்து, அந்த ரிப்போர்ட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு வேறு இடத்துக்கு வேலைக்குப் போனாலும், நர்சிங் சேர்ந்தாலும் அது அவர்களுக்கு வேண்டும்.