அம்மா தூங்குகிறார், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 49. எட்டு மாதத்துக்கு முன் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரண்டு மாதம் இரவில் நான்தான் கூட இருந்தேன். இரண்டரை மணிக்கு எழுந்து மருந்து கொடுக்க வேண்டும். அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார், நன்றாகத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. விட்ட தூக்கத்தைப் பிடிக்கலாம் என்று 9 மணிக்கே படுத்துவிடுகிறேன். கண் மூடப் பத்தரை ஆகிறது. இரண்டரைக்கு டாண் என்று விழிப்பு வந்துவிடும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுத்தால் 5 மணி வரை புரண்டுகொண்டே இருப்பேன். அப்புறம் ஆறரை வரை லேசாகக் கண்ணயர்வேன். எழுந்திருக்கும்போதே தலை பாரம். குறட்டை விடுகிறேன் என்று வீட்டில் கேலி வேறு. மாலை 5 மணிக்கு ஒரு காபி குடித்தால்தான் வேலை ஓடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை நாலைந்து முறை போட்டுப் பார்த்தேன். தூக்கம் வந்தது, மறுநாள் முழுக்க மந்தமாக இருந்தது. எனக்கு எந்த மாத்திரை நல்லது, டாக்டர்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, மாத்திரைக்கு வருவதற்கு முன் உங்கள் கடிதத்தின் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். ‘குறட்டை விடுகிறேன் என்று வீட்டில் கேலி வேறு.’ போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

குறட்டை, எழும்போதே தலைபாரம், நடு இரவில் சிறுநீருக்கு எழுவது. இந்த மூன்றும் ஒருவரிடமே இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஸ்லீப் ஆப்னியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழலின் மேல்பகுதி மூடிக்கொள்ளும். 10 விநாடி, சிலருக்கு அதற்கும் மேலே, காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறிப்போய் உங்களை உலுக்கி எழுப்பும். மூச்சு திரும்பிவிடும், தூக்கமும் தொடரும். காலையில் இது எதுவும் நினைவில் இருக்காது. ஓர் இரவில் இப்படி எத்தனையோ முறை நடந்திருக்கும், உங்களுக்கோ ‘இரண்டரைக்கு விழித்தேன்’ என்பது மட்டும்தான் தெரியும்.

சிறுநீர் விஷயமும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். மூடிய குழலுக்கு எதிராக நெஞ்சு மூச்சை இழுக்கும்போது இதயத்தின் சுவர் விரிகிறது. உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தவறாகப் புரிந்துகொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. சிறுநீர் முட்டியதால்தான் விழித்தோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பலருக்கு அதைக் கிளப்பிவிடுவதே மூச்சுத் தடைதான்.

குறட்டை ஆண்களின் பிரச்சினை என்று நினைத்துப் பெண்கள் இதைச் சோதித்துக்கொள்வதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு இதன் வாய்ப்பு கூடுகிறது. அவர்கள் மருத்துவரிடம் ‘அசதியாக இருக்கிறது’, ‘தூக்கமில்லை’ என்றுதான் சொல்வார்கள். குறட்டையைச் சொல்லக் கூச்சம். நீங்களாவது எழுதினீர்களே!

வீட்டில் கேலி செய்கிறவரையே உதவிக்குக் கூப்பிடுங்கள். ஓர் இரவு அரை மணி நேரம் உங்கள் குறட்டையைக் கைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென நின்று, கொஞ்ச நேரம் நிசப்தமாக இருந்து, பிறகு திணறலோடு மூச்சு திரும்பினால், அந்தப் பதிவோடு மருத்துவரிடம் போங்கள். அப்படி எதுவும் பதிவாகவில்லை என்றாலும் போங்கள், அரை மணி நேரத்தை வைத்து ‘இல்லை’ என்று முடிவுகட்ட முடியாது. விரலிலும் மூக்கிலும் சிறு கருவிகளைப் பொருத்தி ஓர் இரவு தூங்கவைத்துச் சோதிப்பார்கள். இருப்பது உறுதியானால் நல்ல சிகிச்சை இருக்கிறது. மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்திக் குழலைத் திறந்தே வைத்திருக்கும் சிபாப் கருவி அதில் முக்கியமானது.

அந்தப் பாதி மாத்திரையை இனித் தொடாதீர்கள். மூச்சுத் தடை இருக்கிறவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்தாகலாம். பல மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும், மூளை எழுப்பிவிடுவதையும் தாமதமாக்கும். அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்தது அவருடைய உடம்புக்கு அளந்தது. உங்களுக்கு மறுநாள் முழுக்க மந்தமாக இருந்ததே, மருந்து காலையிலும் உடம்பை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம். (இதைப் படிக்கிற வேறு யாராவது மாதக்கணக்காகத் தினமும் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், என் பேச்சைக் கேட்டு நாளைக்கே நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு வலிப்பு வரைகூடப் போகும். மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.)

மருத்துவரிடம் போகும்போது தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போலிருந்து, அசைத்தால்தான் சரியாகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், ஃபெரிட்டின் என்ற இரும்புச்சத்துச் சோதனை செய்வார்கள். வியர்த்துக் கொட்டி விழிக்கிறீர்களா, மாதவிடாய் எப்படி இருக்கிறது, வேறு நோய்களுக்கு என்ன மாத்திரை, அதை எந்த நேரத்தில் போடுகிறீர்கள், எல்லாமே தேவை. சிலவகை ரத்த அழுத்த மாத்திரை, ஸ்டீராய்டு, சளிக்கான சில மருந்துகள் தூக்கத்தைக் கெடுக்கும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக மனசு சோர்ந்தே கிடக்கிறதா? முன்பு ஆசையாகச் செய்தவற்றில்கூட இப்போது பிடிப்பில்லாமல் போனதா? விடியலுக்கு வெகுமுன்னரே விழித்துக்கொண்டு தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கும். இரண்டு மாதம் அம்மாவின் உயிருக்காகக் கவலைப்பட்டவர் நீங்கள். அந்தப் பாரத்தை யாரிடமாவது இறக்கி வைத்தீர்களா? இறக்கி வைத்திருந்தால் நல்லது. இல்லை என்றாலோ, முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றுக்காவது பதில் ‘ஆம்’ என்றாலோ, மருத்துவரிடம் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் போங்கள்.

சரி, இப்போது இரண்டரை மணிக்கு வருவோம்.

தூக்கமின்மையைத் தொடங்கிவைப்பது ஒன்று, அதை ஓடவைப்பது இன்னொன்று என்று 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் எழுதினார். உங்கள் கதையை அப்படியே எழுதி வைத்தது போல இருக்கும். தொடங்கிவைத்தது அம்மாவின் நோய். அது தீர்ந்துவிட்டது. ஆனால் தூக்கம் போன பயத்தில் நீங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சீக்கிரம் படுப்பது, மாலைக் காபி, விழித்தாலும் படுக்கையை விட்டு எழாமல் இருப்பது.

இரவில் விழிப்பு வருவது நோய் அல்ல. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடும், சுற்று மாறும்போது எல்லோருமே லேசாக விழிப்போம், நினைவில் நிற்காது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியிலேயே முடிந்துவிடும், பின்பாதி மெலிசானது. அந்த மெலிசான நேரத்தில்தான் உங்கள் இரண்டரை மணி வருகிறது. இரண்டு மாதம் அந்த நேரத்தில் எழுவதற்கு உங்களைப் பழக்கியிருக்கிறீர்கள், தவறினால் அம்மாவுக்கு மருந்து தவறும் என்ற பதற்றத்தோடு. மருந்து கொடுக்கும் வேலை முடிந்துவிட்டது என்று உடம்புக்கு இன்னும் தெரியவில்லை.

விழித்ததும் என்ன செய்கிறீர்கள்? கடிகாரத்தைப் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். ‘இரண்டரை. இப்போது தூங்கினாலும் நாலு மணி நேரம்.’ புரண்டு படுத்து மறுபடி பார்ப்பீர்கள். ‘மூன்றேகால். இனிமேல் தூங்கினாலும் மூன்றேகால் மணி நேரம்தான்.’ இந்தக் கணக்கைப் போடுகிற மனசு எப்படித் தூங்கும்? இன்றே கடிகாரத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வையுங்கள், கைபேசியை வேறு அறையில் வையுங்கள். அலாரம் அடிக்கும் வரை மணி தெரிய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கண் சொக்கும், படுக்கையில் தலை சாய்த்ததும் பளிச்சென்று விழித்துக்கொள்ளும். இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை கற்றுக்கொண்டதன் அடையாளம் அது. அதை மறக்கடிக்கும் முறையை 1972-இலேயே ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் சொல்லிவிட்டார். தூக்கம் கண்ணைச் சுற்றினால் மட்டும் படுங்கள். விழித்து ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிவிட்டது போலத் தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கிய வெளிச்சத்தில் துணி மடியுங்கள், பழைய புத்தகம் எதையாவது புரட்டுங்கள். கண் சொருகியதும் திரும்பி வாருங்கள். மறுபடி விழித்தால் மறுபடி எழுங்கள். முதல் சில இரவுகள் அழுகைகூட வரும். ஆனால் காலை ஆறரைக்கு, இரவு எப்படிப் போயிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், எழுந்துவிட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மாலைக் காபியை நண்பகலுக்கு முன்னால் நகர்த்துங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அடினோசின் என்ற பொருள் மூளையில் சேர்ந்து தூக்க அழுத்தத்தைக் கூட்டும், கஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்து மறித்துவிடும். பலருக்கு 5 மணிக்குக் குடித்த கஃபீனில் பாதி இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

இனி உங்கள் 9 மணி. ஒன்பதிலிருந்து ஆறரை வரை ஒன்பதரை மணி நேரம் படுக்கையில் இருக்கிறீர்கள். தூங்குவது பத்தரை முதல் இரண்டரை வரை நாலு, ஐந்து முதல் ஆறரை வரை ஒன்றரை, ஆக ஐந்தரை மணி நேரம். மீதி நாலு மணி நேரம் படுக்கையில் கவலைப்படப் பயிற்சி எடுக்கிறீர்கள். கொஞ்சமாக இருக்கிற மாவைப் பெரிய பலகையில் இழுத்து இழுத்துப் பரப்பினால் நடுவில் ஓட்டைதானே விழும்?

இதற்கு வைத்தியம் படுக்கை நேரத்தைச் சுருக்குவது. இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுவது, பகலில் தூங்குவதில்லை. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கத் தொடங்கியதும், வாரத்துக்கு 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். ஆனால் மூச்சுத் தடை இல்லை, அல்லது அதற்கு வைத்தியம் ஆரம்பித்தாயிற்று என்று தெரிந்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும், அதுவும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. வலிப்பு, இருதுருவ மனநோய் (மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார்), தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் தாமாக இதை முயலக் கூடாது. முதல் இரண்டு வாரம் பகலில் கண் இழுக்கும், அப்போது வண்டி ஓட்டாதீர்கள்.

நான் மேலே சொன்ன முறைகளைச் சேர்த்துத்தான் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்கிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு, அதாவது வாரத்தில் 3 இரவாவது, 3 மாதத்துக்கு மேல் நீடிப்பதற்கு, மாத்திரைக்கு முன் இதைத்தான் தர வேண்டும் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு பரிந்துரைத்தது. மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சோதனைகள் முடிந்த பிறகும் தேவைப்பட்டால், கொஞ்ச நாளைக்கு, உங்களைப் பரிசோதித்த மருத்துவர் தரட்டும்.

இன்றிலிருந்து தலையணைக்குப் பக்கத்தில் இல்லாமல், சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டு வையுங்கள். காலையில் எழுந்ததும் எப்போது படுத்தீர்கள், சுமாராக எப்போது தூங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், முந்தின நாள் காபி எத்தனை மணிக்கு என்று உத்தேசமாக எழுதுங்கள். நிமிடக் கணக்கு வேண்டாம். மருத்துவரிடம் நேரம் வாங்குவதைத் தள்ளிப்போடாமல், அதுவரை எழுதியதைக் கையோடு கொண்டுபோங்கள். நோட்டின் முதல் பக்கத்தில், முதல் வரியாக, குறட்டையை எழுதுங்கள்.