கார நூடுல்ஸை ஒரு வேளைச் சாப்பாடாக்குவது எப்படி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில், மண்டபம் ஊர்ப் பக்கம் சாயங்கால மெஸ் நடத்துகிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் பாக்கெட் நூடுல்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள், வீட்டில் இருக்கிற அக்காமார்களும் கேட்கிறார்கள், அதனால் வந்த கேள்விகளை எல்லாம் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாக்கெட்டில் காரமும் உப்பும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. இல்லாதது சாறும் சத்தும். அவை இரண்டும் நம் கரையில் கிடைக்கின்றன, அதுவும் மலிவாக.

தங்கச்சிமடம், கல்லூரி மாணவி: அக்கா, கறுப்பு பாக்கெட் கொரிய நூடுல்ஸ் வாங்கினோம், நாலு வாய்க்கு மேல் முடியவில்லை. தண்ணீர் ஊற்றிக் காரத்தைக் குறைத்தால் ருசியும் போய்விடுகிறது.

தண்ணீரால் அந்தக் காரம் குறையாது தங்கச்சி. மிளகாயில் எரிச்சலைத் தருகிற கேப்சைசின் கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. நீ தண்ணீர் ஊற்றும்போது உப்பும் மற்ற ருசியும்தான் நீர்த்துப் போகின்றன, எரிச்சல் எண்ணெயோடு மேலே மிதந்து நேராக நாக்கில் வந்து ஒட்டுகிறது. அதனால் கொழுப்பைச் சேர்க்க வேண்டும். நமக்குக் கை எட்டுகிற தூரத்தில் தேங்காய் இருக்கிறது. ஒரு மூடி தேங்காயைத் துருவிக் கெட்டியாக முதல் பால் அரை டம்ளர் எடுத்துக்கொள். சாஸில் பாதி மட்டும் போடு. அந்தக் கறுப்பு பாக்கெட்டில், நூடுல்ஸை 5 நிமிடம் வேகவைத்து 8 மேசைக்கரண்டித் தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு மீதியை வடித்த பிறகு சாஸைப் போட்டு 30 விநாடி கிளறச் சொல்லியிருப்பார்கள், அதுவரை அப்படியே செய். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு முதல் பாலை ஊற்றிக் கலக்கு. அடுப்பு எரியும்போது ஊற்றினால் பால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். கடைசியில் சுண்டைக்காய் அளவு கருப்பட்டியைப் பொடித்துப் போட்டால் காரத்தின் முனை மழுங்கும், ஆனால் மணம் அப்படியே இருக்கும். மேலே ஒரு அவித்த முட்டை. மீதிப் பாதி சாஸை மடித்து ஃப்ரிட்ஜில் வை, அடுத்த முறைக்கு ஆகும்.

சாப்பிடும்போது வாய் எரிந்தாலும் தண்ணீரைத் தேடாதே. ஒரு வாய் தயிரோ பாலோ போதும், பாலில் இருக்கிற கேசின் என்கிற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

பாம்பன், இரண்டு பிள்ளைகளின் அம்மா: இறால் போட்டு நூடுல்ஸ் செய்தால் இறால் ரப்பர் மாதிரி ஆகிறது, நூடுல்ஸ் கூழாகிறது. இறாலின் ருசியும் நூடுல்ஸில் இறங்குவதில்லை. ஏன்?

அக்கா, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எல்லாரும் இறாலை ஆய்ந்து தலையையும் ஓட்டையும் பூனைக்குப் போட்டுவிட்டு சதையை மட்டும் சட்டியில் போடுகிறார்கள். ருசி முழுக்கத் தலையில்தான் இருக்கிறது. அன்றைக்குப் பிடித்த இறாலாக இருந்தால் தலையை எறியவே கூடாது. பழசாகித் தலை கறுத்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், கசக்கும்.

ஒரு பாக்கெட்டுக்கு எட்டுப் பத்து இறால் போதும். சதையைத் தனியாக எடுத்து முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை உருவிவிட்டு, மஞ்சள் தூள் மட்டும் தடவி வையுங்கள், உப்பு வேண்டாம். சட்டியில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் தலையையும் ஓட்டையும் போட்டு மூன்று நான்கு நிமிடம் நன்றாக வறுங்கள். நிறம் செக்கச்செவேல் என்று மாறி எண்ணெயும் சிவக்கும். இறாலில் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிற செந்நிறம் சூட்டில் விடுபட்டு எண்ணெயில் கரைகிறது, அதனால்தான் தண்ணீரில் நேராகப் போட்டு வேகவைத்தால் அந்த நிறமும் மணமும் வருவதில்லை. இதில் சின்ன வெங்காயம் ஏழெட்டு, பூண்டு நாலு பல் தட்டியது, கொஞ்சம் சோம்பு, ஒரு தக்காளி போட்டு வதக்கி, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிக்கும்போதே மத்தாலோ கரண்டியாலோ தலைகளை நசுக்கி விடுங்கள், உள்ளே இருக்கிற மஞ்சள் கொழுப்பு அப்போதுதான் இறங்கும். வடிகட்டினால் ஏறக்குறைய இரண்டு டம்ளர் சாறு நிற்கும்.

இனிமேல் வேகமாகப் போக வேண்டும். சாறு தளதளவென்று கொதிக்கும்போது மசாலா பாக்கெட்டில் பாதியையும் நூடுல்ஸையும் போட்டு, பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறால் சதையைப் போடுங்கள். நேராக இருந்த இறால் லேசாக வளைந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம், முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்தான். நூடுல்ஸ் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். தட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் உட்காருவதற்குள் சாற்றைக் குடித்துப் பதமாகிவிடும். ஏற்கெனவே ஆலையில் எண்ணெயில் பொரித்து ஈரம் போக்கிய பண்டம் அது, அதில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகச் சாற்றை வேகமாக இழுக்கும். கூழாவதற்கும் அதே துளைகள்தான் காரணம். சாறு சுவையாக இருந்தால் இழுப்பதும் சுவைதான், வெறும் தண்ணீராக இருந்தால் வெறும் தண்ணீர்தான் உள்ளே போகும்.

தொண்டி: கணவாய் போடலாமா?

போடலாம். வளையமாக நறுக்கிக் கடைசி ஒன்றரை நிமிடத்தில் போடுங்கள். இரண்டு நிமிடம் தாண்டினால் இறுகிவிடும், அப்புறம் மறுபடி மெத்தென்று ஆக அரைமணிக்கு மேல் வேக வேண்டும். நூடுல்ஸ் அதற்குக் காத்திருக்காது. நண்டு என்றால் வேறு கணக்கு, முதலிலேயே உடைத்துப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரிலேயே நூடுல்ஸைப் போடுங்கள்.

கீழக்கரை: நேற்று வைத்த மீன் ஆணம் (குழம்பு) இருக்கிறது, அதில் நூடுல்ஸ் போட்டால் நன்றாக இருக்குமா? அப்புறம் இந்தக் கொரிய பாக்கெட் ஹலாலா?

ஹலால் விஷயத்தில் என் வார்த்தையை நம்ப வேண்டாம், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரே பெயரில் பல நாட்டுக்கு வேறுவேறு தயாரிப்பு வருகிறது. கார நூடுல்ஸ் செய்கிற கொரிய நிறுவனமான சம்யாங்கின் ஏற்றுமதிப் பாக்கெட்டுகள் பலவற்றில் கொரிய முஸ்லிம் கூட்டமைப்பின் ஹலால் முத்திரை இருக்கும், ஆனால் உங்கள் கையில் இருக்கிற பாக்கெட்டில் முத்திரை இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

பழைய ஆணம் இதற்கு மிகவும் தோதானது, புளியும் தேங்காயும் ஒரு ராத்திரி ஊறிச் சேர்ந்திருக்கும். மீன் துண்டுகளை முதலில் மெதுவாக எடுத்துத் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் உடைந்து முள் எல்லாம் நூடுல்ஸில் கலந்துவிடும். குழம்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, நன்றாகக் கொதித்ததும் நூடுல்ஸ். பாக்கெட் மசாலாவில் கால் பங்குக்கு மேல் போட வேண்டாம், முடிந்தால் போடவே வேண்டாம். இறக்கிய பிறகு மீனை மேலே வைத்து மூடி இரண்டு நிமிடம் விடுங்கள்.

உச்சிப்புளி: எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் வேகவைக்கலாமா?

வேண்டாம். குடிக்கிற தண்ணீரில் வேகவையுங்கள். உவர் தண்ணீர் வற்றும்போது உப்பு இன்னும் கூடும், பாக்கெட் உப்பும் சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது.

ராமேஸ்வரம்: மீன்பிடித் தடைக்காலத்தில் மீனுக்கு எங்கே போவது? கருவாடு போடலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை கையைச் சுடும். அப்போது கருவாடுதான் சரி. நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு இரண்டு முறை அலசி, பிழிந்து, எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துக் கடைசியில் மேலே தூவுங்கள். கூடவே கொதிக்கவிட்டால் உப்பு முழுக்க இறங்கிவிடும். கருவாடு போடுகிற அன்று மசாலா கால் பாக்கெட்தான், இதில் தயவு பார்க்காதீர்கள்.

அதைவிட ஒரு படி மேலே மாசி. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைக்கிற மாசி உங்கள் வீட்டில் இருந்தால் நூடுல்ஸுக்கு வேறு எதுவும் தேவையில்லை. ஜப்பான்காரர்களும் சூரை இனத்து மீனை இதே போல அவித்துப் புகைபோட்டுக் காயவைத்து, கட்சுஒபுஷி என்று பெயர் வைத்துச் சீவி, அதில்தான் தங்கள் நூடுல்ஸ் சாற்றை எடுக்கிறார்கள். அதில் இனோசினேட் என்ற சுவைப்பொருள் இருக்கிறது. பல பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் 631, 635 என்று எண் போட்டிருப்பார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். மாசியை உரலில் இடித்து ஒரு தேக்கரண்டி, கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம். இரண்டு பச்சை மிளகாய், நாலு சின்ன வெங்காயம், கடைசியில் எலுமிச்சை. கொஞ்சம் மசாலா போதும், குழம்பு வைத்த மாதிரி ஒரு கனம் வந்துவிடும்.

பெரியபட்டினம்: கொரியாக்காரர்கள் நூடுல்ஸில் கடல்பாசி போடுகிறார்களே, நம் பெண்கள் கடலில் எடுக்கிற பாசியைப் போடலாமா?

அவர்கள் போடுவது வேறு இனம். மேலே வைக்கிற கறுத்த தாள் ஒரு வகை, சாற்றுக்குப் போடுகிற தடித்த பட்டை வேறொரு வகை. நம் மன்னார் வளைகுடாவில் எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் எடுப்பதற்குப் போகின்றன. நோன்புக் காலத்தில் பால் ஊற்றிக் காய்ச்சி ஆறவைத்து வெட்டுகிறோமே, அந்தக் கடல்பாசி அகர்தான். நூடுல்ஸில் போட்டால் ருசி வராது, ஆறினால் சாறு கட்டியாகிவிடும். முருங்கைக்கீரையை அடுப்பை அணைக்கும் முன் ஒரு கை போடுங்கள், பச்சை வாசமும் நிறமும் வேண்டுமென்றால் அதைவிட வேறு இல்லை.

சாயல்குடி: பையன் தினமும் இதைத்தான் கேட்கிறான், எட்டு வயது. அவன் அப்பாவுக்கு இரத்த அழுத்தம், அவரும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

அண்ணி, தினமும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் போதும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம், அதாவது 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு. கொரிய பாக்கெட் ஒன்றிலேயே 1,200 முதல் 1,800 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். பாக்கெட்டுக்குப் பின்னால் சோடியம் என்று எழுதியிருக்கும், வாங்கும்போதே பாருங்கள். அண்ணனுக்கு மசாலாவைக் கால் பங்காக்கி, சாற்றைக் குடிக்காமல் நூடுல்ஸை மட்டும் எடுத்துக் கொடுங்கள், அதற்கும் மேல் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

பையனுக்கு அந்த மிகக் காரமான பாக்கெட்டுகள் வேண்டவே வேண்டாம். 2024 ஜூனில் டென்மார்க் அரசு சம்யாங்கின் மூன்று கார வகைகளைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது, கேப்சைசின் அளவு அதிகம், அதுவும் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று. அடுத்த மாதம் இரண்டு வகைகளுக்கு அனுமதி திரும்பியது. பெரியவர்களே திணறுகிற காரத்தைப் பிள்ளைக்குப் போட்டி வைத்துக் கொடுக்கிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. சாதாரண நூடுல்ஸில் முட்டை உடைத்து ஊற்றி, கேரட், பட்டாணி போட்டு, பாதி மசாலாவில் செய்யுங்கள்.

ராமநாதபுரம்: நாங்கள் சைவம். மீன் இல்லாமல் சாறு எப்படி?

பச்சை வட்டக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். சாறுக்கு ஒரு கைப்பிடி முருங்கைக்காய்த் துண்டு, இரண்டு தக்காளி, தட்டிய மிளகு, பூண்டு போட்டுக் கொதிக்க வைத்து, ஒரு கரண்டி வெந்த துவரம்பருப்பைக் கரைத்து விடுங்கள். பருப்புத்தான் கனம் கொடுக்கும்.

மூக்கையூர், கடலுக்குப் போகிற தம்பி: வள்ளத்தில் ஒரே அடுப்பு, ஒரே சட்டி, தண்ணீர் குறைவு. அதில் எப்படி அக்கா? கொஞ்சம் கடல் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமா?

கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது தம்பி. அரை டம்ளர் ஊற்றினாலே மூன்று நான்கு கிராம் உப்பு, அதன் மேல் மசாலா. தாகம் எடுக்கும், குடிதண்ணீர் இன்னும் செலவாகும். மீனைக் கழுவ வைத்துக்கொள், சட்டியில் ஊற்றாதே. வலையில் வந்த சின்ன மீனை எண்ணெயில் இரண்டு பக்கமும் வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் ஒட்டியிருப்பதோடு வெங்காயம் வதக்கி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் கொதித்ததும் நூடுல்ஸைப் போட்டு மூடிவிடு. நடுவில் ஒருமுறை புரட்டினால் போதும். வடிக்க எதுவும் மிஞ்சாது.

தேவிபட்டினம்: சாஸ் பாக்கெட்டையே தூக்கிப்போட்டுவிட்டு நம் மிளகாயில் செய்ய முடியாதா?

தாராளமாக முடியும், நான் மெஸ்ஸில் அதைத்தான் செய்கிறேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் இருக்கும்போது வேறு எங்கும் போக வேண்டாம். அதன் தோல் தடிப்பு, அதனால் அரைத்தால் நல்ல கெட்டி விழுது கிடைக்கும், நிறமும் நிற்கும். இருபது வற்றலைக் காம்பு கிள்ளி, விதையில் பாதியைத் தட்டிவிட்டு, வெந்நீரில் அரைமணி ஊறவையுங்கள். பத்துப் பல் பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம், நெல்லிக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து மையாக அரைத்து, கால் டம்ளர் நல்லெண்ணெயில் மெதுவான தீயில் எண்ணெய் பிரிகிறவரை சுருள வதக்குங்கள். இறக்கும்போது கருப்பட்டித் தூள் ஒரு தேக்கரண்டி. ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மேலே எண்ணெய் நிற்கும்படி வைத்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஈரக்கரண்டி மட்டும் உள்ளே போகக்கூடாது. ஒரு பாக்கெட் நூடுல்ஸுக்கு ஒரு தேக்கரண்டி, நன்றாகக் காரம் தின்கிறவர்களுக்கு ஒன்றரை.