வாசகர் கேள்வி பதில்: கோபம் ஓரிடம், தீர்ப்பு வேறிடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த ஐந்து கேள்விகள். முன்பே மனத்தில் கிளறப்பட்ட உணர்ச்சி பின்னால் வரும் முடிவை எப்படிச் சாய்க்கிறது என்பதைத்தான் ஐந்துமே கேட்கின்றன.

காலையில் ஆசிரியர் அறையில் வாக்குவாதம். அதே சூட்டோடு ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் 28 கட்டுரைகளைத் திருத்தினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், முதல் பத்துத் தாள்களுக்குக் கஞ்சத்தனமாகப் புள்ளி போட்டிருக்கிறேன். இதைத் தடுக்க வழி உண்டா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

உண்டு. ஆனால் ‘இனி நடுநிலையாகத் திருத்துவேன்’ என்று உறுதி எடுத்தால் மட்டும் போதாது. உளவியலாளர் கீத் பெயின் குழுவினர் 2005-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். திரையில் ஒரு படம் 75 மில்லிவினாடி வந்து போகும். 125 மில்லிவினாடி வெறுமைக்குப் பிறகு ஒரு சீன எழுத்து 100 மில்லிவினாடி தெரியும். அந்த எழுத்து அழகா இல்லையா என்பதுதான் கேள்வி. நம் ஊர்க் கடைப் பலகைகளில் நமக்குப் புரியாமல் நிற்கும் எழுத்துகளைப் போலத்தான் சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கும் அது வெறும் கோடு. முன்னால் வந்தது இனிய படமென்றால் எழுத்து அழகாகத் தெரிந்தது, அருவருப்பான படமென்றால் பிடிக்காமல் போனது. படம் உங்களைச் சாய்க்கும், இடம் கொடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும் பெரும்பாலும் அப்படியே நடந்தது.

இதைத்தான் உணர்ச்சி முன்தூண்டல் என்கிறோம். ஆய்வகத்தில் அதன் ஆயுள் குறைவு. ஃபாசியோவின் 1986 ஆய்வில், முதலில் வரும் சொல்லின் இனிமையோ கசப்போ அடுத்த சொல் நல்லதா கெட்டதா என்று சொல்லும் வேகத்தை மாற்றியது. முதல் சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே 300 மில்லிவினாடி இருந்தபோது விளைவு தெரிந்தது, 1,000 ஆனபோது மறைந்தது. ஆசிரியர் அறைக் கோபம் அப்படி அணைவதில்லை, நாமே நினைத்து நினைத்து ஊதிக்கொண்டிருப்போம். இரண்டையும் ஒன்றென்று சொல்ல முடியாது. ஆனாலும் எங்கிருந்தோ வந்த உணர்ச்சியைக் கண்முன் இருக்கும் பொருளின் குணமாக எடுத்துக்கொள்ளும் பிழை இரண்டிலும் உண்டு.

செய்ய வேண்டியது இது. உட்காரும்முன் ஒரு துண்டுத் தாளில் ‘எனக்குக் கோபம், காரணம் வாக்குவாதம்’ என்று எழுதுங்கள். உணர்ச்சியின் ஊற்றைத் தனியே பெயர் சொல்லிப் பிரித்தால் அதன் பிடி தளர்கிறது. பெயர் தெரியாதபடி தாள்களின் மேல் ஓரத்தை மடித்து, எண் மட்டும் போடுங்கள். கட்டின் நடுவிலிருந்து மூன்று தாள் உருவி, புள்ளித் திட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி மாதிரியாகப் பக்கத்தில் வையுங்கள். மற்றவற்றுக்குப் புள்ளியைப் பென்சிலால், தாளில் அல்லாமல் வேறு பட்டியலில் குறியுங்கள். கடைசித் தாள் முடிந்ததும் முதல் ஐந்தையும் பழைய புள்ளியைப் பார்க்காமல் மீண்டும் திருத்துங்கள். 20-க்குச் சராசரி இரண்டு புள்ளி விலகினால் முதல் பாதி முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டியதுதான். அலுப்பான வேலை என்பதை மறுக்கவில்லை.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கோபத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தவுடன், ஈடுகட்டுவதற்காக அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் சாய்வுதான். மாதிரித் தாள் மூன்றும் அதைப் பிடித்து நிறுத்தவே.

செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (வேலை மேற்பார்வையாளராக) இருக்கிறேன். வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவரோடு காலைப் பெரட்டில் (வேலைக்குமுன் ஆள் கூடும் இடத்தில்) சண்டை வந்தால், அன்று முழுக்க அந்த நாட்டுக்காரர் எல்லார் வேலையும் மோசமாகத் தெரிகிறது. மனைவியோடு மனத்தாங்கல் இருக்கும் நாளில் அப்படி இல்லை. ஏன்?

நல்ல கவனிப்பு. எல்லா வருத்தமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. டிஸ்டெனோ குழுவினர் 2004-இல் ஆட்களை அப்போதே உருவாக்கிய இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். பழைய பகை எதுவும் இருக்க வழியில்லை. ஆனாலும் கோபமூட்டப்பட்டவர்களிடம் மட்டும் மற்றக் குழுவின்மேல் உள்ளுறை வெறுப்பு (தாமே அறியாமல் எழும் வெறுப்பு) அளவையில் பதிந்தது. சோகமூட்டப்பட்டவர்களிடம் பதியவில்லை. அதற்குப் பத்தாண்டு முன்பே, கோபக்காரர்கள் குற்றம் சாட்டப்பட்டவரின் இனத்தைப் பார்த்துத் தீர்ப்பைச் சாய்த்தார்கள் என்றும், சோகத்தில் இருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை என்றும் போடன்ஹவுசன் குழுவினர் காட்டியிருந்தார்கள். கோபம் எதிரியைத் தேடும் உணர்ச்சி. சண்டை போட்டவர் போய்விட்டால் அவர் சாயலில் இருப்பவர்மேல் இறங்கும்.

முன்தூண்டல் புகுவது மங்கலான அளவுகோலில்தான். ‘வேலை சரியில்லை’ என்பது மங்கல். பழுத்த குலைக்குக் குறைந்தது 10 பழம் உதிர்ந்த குழி இருக்க வேண்டும் என்பது தெளிவு. ஆகவே கோபமான நாளில் எண்ணக்கூடியதை மட்டும் எழுதுங்கள்: பழுக்காத குலை எத்தனை, பொறுக்காமல் விட்ட உதிரிப் பழம் எந்த வரிசையில், காம்பு நீளமாக விட்ட குலை எத்தனை. ‘சோம்பேறி’, ‘திமிர்’ போன்ற சொற்களை மறுநாள் பெரட்டு வரை புத்தகத்தில் ஏற்றாதீர்கள். இன்னொன்று, ஆளைப் பார்க்கும்முன் குலையைப் பாருங்கள். யார் வெட்டியது என்று கேட்டுவிட்டு எண்ணினால் எண்ணிக்கைகூடச் சாயும்.

என் துணிக்கடையில் சிரித்த முகப் படங்கள் மாட்டினால் வியாபாரம் கூடும் என்கிறார் விளம்பரக்காரர். நம்பலாமா?

அவர் மனத்தில் இருப்பது அநேகமாக மர்ஃபியும் ஸாயோன்ஸும் 1993-இல் செய்த சோதனை. அதில் சிரித்த முகம் தெரிந்தது 4 மில்லிவினாடிதான், பார்த்ததாகவே யாருக்கும் தோன்றாது. ஆனாலும் அடுத்து வந்த சீன எழுத்து கூடுதலாகப் பிடித்துப்போனது. அதே முகத்தை ஒரு முழு வினாடி காட்டியபோது அந்தப் பலன் இல்லாமல் போனது. உங்கள் சுவர்ப்படம் நாள் முழுக்கத் தொங்கும். பணத்தை நல்ல விளக்குக்குப் போடுங்கள், துணியின் நிறமாவது சரியாகத் தெரியும்.

அப்பா இறந்து கருமகிரியை முடிந்த கையோடு வீட்டை விற்றுவிடலாம் என்கிறார் தம்பி. வாங்க ஆளும் தயார். மனம் ஒப்பவில்லை.

ஒப்ப வேண்டாம். லெர்னரும் கூட்டாளிகளும் 2004-இல் ஒரு பேனாத் தொகுப்பைக் கையில் கொடுத்து விலை கேட்டார்கள். அதற்குமுன் சோகக் காட்சி பார்த்தவர்கள், கையில் இருந்ததைக் குறைந்த விலைக்கு விற்கத் தயாரானார்கள். பொருள் கையில் இல்லாத சோகக்காரர்களோ அதே தொகுப்பைக் கூடுதலாக மதித்தார்கள். சோகம் இருக்கும் நிலையை மாற்றச் சொல்லும்: இருப்பதைத் தள்ளு, புதிதாக வாங்கு. பேனாவும் வீடும் ஒன்றல்ல, ஆனால் திசை அதுதான்.

முதலில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். வாங்குபவரைச் சந்திக்கும்முன், எத்தனை வெள்ளிக்குக் கீழ் இறங்கமாட்டோம் என்று அண்ணன் தம்பி இருவரும் தனித்தனியே எழுதி உறையில் போடுங்கள். இரண்டு மாதம் கழித்து மீண்டும் எழுதி ஒப்பிடுங்கள். பேச்சுவார்த்தையை அப்பாவின் படம் மாட்டிய கூடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறாம் படிவம் படிக்கும் மகள் இணையத்தில் மனச்சாய்வுச் சோதனை செய்தாள். ‘வலுவான சாய்வு’ என்று வந்ததும் அழுதுவிட்டாள். உண்மையா?

க்ரீன்வால்ட் குழுவினர் 1998-இல் வெளியிட்ட உள்ளுறைத் தொடர்புச் சோதனையாக இருக்க வேண்டும். இரண்டு விசை, ஏழு சுற்று. ஒரு குழுவின் பெயரோடு நல்ல சொல்லை ஒரே விசையில் சேர்ப்பது ஒரு சேர்க்கை, அதே குழுவோடு கெட்ட சொல்லைச் சேர்ப்பது மற்றொன்று. ஒரு சேர்க்கையைவிட மற்றொன்றுக்கு விரல் எவ்வளவு தாமதிக்கிறது என்பதைப் பதில் நேரங்களின் பரவலால் வகுத்தால் ஓர் எண் வரும். வழக்கமாக 0.15-க்கு மேல் லேசான சாய்வு, 0.35-க்கு மேல் நடுத்தரம், 0.65-க்கு மேல் வலுவானது என்பார்கள். ஒரே ஆள் மறுமுறை செய்தால் இரு எண்களுக்கும் உள்ள ஒப்புமை ஏறக்குறைய 0.5 (முழுதாக ஒத்துப்போனால் 1). தனி ஆளுக்குத் தீர்ப்பெழுத அது போதாது. எந்தச் சேர்க்கை முதலில் வந்தது, சற்றுமுன் என்ன செய்தி பார்த்தாள் என்பதுகூட எண்ணை நகர்த்தும்.

சாய்வைக் குறைக்கும் ஒன்பது வழிகளை 2016-இல் லை குழுவினர் சோதித்தார்கள். உடனே குறைந்தது, சில மணி நேரத்திலோ சில நாளிலோ பழைய நிலை திரும்பியது. 492 ஆய்வுகளைத் தொகுத்த 2019 பகுப்பாய்வில், இந்த எண்ணை மாற்றுவதால் நடத்தை மாறுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மகள் விரும்பினால் நான்கைந்து வெவ்வேறு நாளில், பசியாறிய பின், அமைதியாகச் செய்து சராசரி பார்க்கட்டும். விசையை அவசரமாகத் தட்டினால் கணக்கே செல்லாது: பத்தில் ஒன்றுக்கு மேல் 300 மில்லிவினாடிக்குள் வந்தால் அந்த முயற்சி முழுவதையும் கழித்துவிடுவார்கள்.