டிஸ்சார்ஜ் சம்மரில ஸ்டேஜ் 3னு இருக்கே?

கேள்வி: மாமியாரை திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரில சேர்த்து கூட்டிட்டு வந்தோம் சார். டாக்டர் மலையாளத்துல சொன்னது புரிஞ்சுது, சம்மரிதான் புரியல. 'கே/சி/ஓ டி2டிஎம், எஸ்எச்டிஎன், சிகேடி ஸ்டேஜ் 3'னு போட்டிருக்கு. ஸ்டேஜ்னதும் பக்கத்து வீட்டக்கா கேன்சரான்னு கேட்டுட்டாங்க, வீடே கதிகலங்கி கிடக்கு.
- ஒரு வாசகி, களியக்காவிளை

பதில்: அக்காவை முதல்ல டீ குடிக்க அனுப்புங்கம்மா, இது கேன்சர் இல்ல. கே/சி/ஓன்னா ஏற்கனவே தெரிஞ்ச நோய், டி2டிஎம் டைப் 2 சுகர், எஸ்எச்டிஎன் பிரஷர். சிகேடிங்கறது நாள்பட்ட கிட்னி கோளாறு, அதுல 'க்ரானிக்'னா ரொம்ப நாளா இருக்குன்னுதான் அர்த்தம், முத்திப்போச்சுன்னு இல்ல, திடீர்னு வந்தா 'அக்யூட்', ஆனா அக்யூட்தான் பல சமயம் அவசரமா ஓட வைக்கும். ரத்த ரிப்போர்ட்ல இஜிஎஃப்ஆர்னு ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, கிட்னி எவ்வளவு நல்லா வடிகட்டுதுன்னு காட்டறது, அது 30ல இருந்து 59 வரைக்கும்னா ஸ்டேஜ் 3, 15க்கு கீழ போனாதான் ஸ்டேஜ் 5, டயாலிசிஸ் பேச்சு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

மாத்திரை பேர் பக்கத்துல 'ஓடி'ன்னு போட்டிருந்தா தினம் ஒண்ணு, 'பிடி'ன்னா ரெண்டு வேளை, டிடிஎஸ் மூணு வேளை, எச்எஸ் படுக்கறப்போ. எஸ்ஓஎஸ்னா தேவைப்பட்டா மட்டும், இதைத்தான் பலபேர் தினமும் முழுங்கறாங்க.

மூட்டு வலின்னு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் தானா வாங்கிக் குடுத்துடாதீங்க, கிட்னிக்கு ஆகாது. அடுத்த தடவை போறப்போ பழைய இஜிஎஃப்ஆர் ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போங்க, ஏறுதா இறங்குதான்னு டாக்டருக்கு தெரியணும்.